பத்து நிமிஷ மெஷின்

செத்துப்போன இன்ஜினால் யாருக்கும் தொல்லை கிடையாது. கயிற்றை இழுக்கிறோம், சத்தமே இல்லை, சாக்கில் போட்டுக் கட்டி டவுனுக்கு அனுப்பிவிடுகிறோம். அங்கே ஒருவர் பிரித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, பில் எழுதிக் கொடுப்பார். விவகாரம் இரண்டு பேருக்குள் முடிந்துபோகும். ஓடிக்கொண்டே மக்கர் பண்ணுகிற இன்ஜின் அப்படியல்ல. அது வீட்டைவிட்டுப் போகாது. வாசலில், வேப்பமரத்தடியில், தெருவில் போகிற எல்லார் கண்ணிலும் படும்படி உட்கார்ந்திருக்கும். போகிறவர் வருகிறவர் ஆளுக்கு ஒரு தரம் கயிற்றை இழுத்துப் பார்ப்பார்கள். அதுவும் மரியாதையாகப் பிடித்துக்கொள்ளும். இழுத்தவருக்கு ஒரு நம்பிக்கை பிறக்கும். நம்பிக்கை பிறந்த ஆள் நம் வீட்டில் காபி குடிக்காமல் நகரமாட்டார்.

எங்கள் வீட்டு மரம் அறுக்கிற மெஷின் இந்த இரண்டாவது ரகம்.

பேராவூரணிக்குப் பக்கம் எங்கள் ஊர். தென்னைதான் சோறு போடுகிறது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி எங்கள் பக்கமாக மேற்கே போனது. போன வழியில் லட்சக்கணக்கான தென்னைகள் படுத்துவிட்டன. அப்பாவும் தாத்தாவும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வளர்த்த மரங்களுக்குள் நடக்க வழியில்லை. கோடாலி அதற்குக் காணுமா? எந்தெந்த ஊரிலிருந்தோ மெஷின்காரர்கள் வந்து இறங்கினார்கள். கரண்ட் இல்லாத அந்த வாரங்களில் தோப்புக்குத் தோப்பு அந்த இரைச்சல்தான். அதுவரை எங்கள் பக்கம் மெஷின் என்றால் தையல் மெஷின். அதற்கப்புறம் வெறுமனே மெஷின் என்று சொன்னால் இதுதான் என்று ஆகிவிட்டது. செயின் சா, பவர் சா, சங்கிலி ரம்பம் என்பதெல்லாம் கடைக்காரர் பில்லில் எழுதுகிற பெயர்கள்.

நான் அப்போதே வாங்கவில்லை. அறுப்பு வேலையை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போன ஒருவரிடம் பிறகு கைமாற்றி வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். கம்பெனி மேல் ஒரு குற்றமும் இல்லை.

நோய் இன்னதுதான். காலையில் இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொள்ளும். ஐடிலிங்கில் குறை சொல்ல முடியாது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் தயங்காமல் எகிறும். பத்து நிமிஷத்துக்கு அதன் ஒழுக்கத்தைப் பார்த்தால் நாமே விற்றவரை நினைத்துப் பரிதாபப்படுவோம். அப்புறம் செயின் ஓடுகிற பார் பாதிக் கட்டைக்குள் இறங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து சத்தம் மெலியும், ஒரு சுருதி மேலே ஏறிக் கீச்சிடும், அடங்கிவிடும். இழுத்தால் வராது. திட்டினாலும் வராது. உட்கார்ந்து டீ குடித்துவிட்டு எழுந்து இழுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. டேங்க் நிறைய ஊற்றினால் சீக்கிரமே நிற்கும். பாதி டேங்கில் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். "இனிமே அரை வயித்துக்கு ஊத்துங்கண்ணே" என்று எங்களோடு வேலை செய்கிற தம்பி சொன்னான். அவன் அதிகம் பேசமாட்டான். அதனால் அவன் பேச்சை யாரும் அதிகம் எடுத்துக்கொள்வதும் இல்லை.

முதலில் வந்தவர் சித்தப்பா.

தமிழ்நாட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்பிள்ளைகள் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் நிபுணர்கள். 1980-இல் வந்த டிவிஎஸ் 50 அவர்களை அப்படி ஆக்கிவைத்தது. மூட்டையும் பெண்டாட்டியும் பிள்ளைகளுமாகப் போகிறபோது வண்டி பாலத்தில் ஏற மறுக்கும். எல்லாரையும் இறக்கிவிட்டு, பிளக்கைக் கழற்றி, எமரி பேப்பரில் நாலு தேய் தேய்த்து, வாயால் ஊதி மாட்டி மிதித்தால் ஓடும். அந்த வெற்றியைப் பெண்டாட்டி பிள்ளைகள் கண்ணாரப் பார்த்திருக்கிறார்கள். வாழ்க்கையில் அந்த மாதிரி ஒரு மேடை அப்புறம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சித்தப்பாவின் சட்டைப் பையில் இன்றைக்கும் மடித்து வைத்த எமரி பேப்பர் இருக்கிறது. வண்டியை விற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது.

வந்தவர் பீடியை எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டு, பெட்ரோல் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "பெட்ரோல் நல்லாத்தான் இருக்கு." மூடினார். பிளக்குக்குப் போனார்.

பிளக்கின் முனையைப் பார்த்தால் இன்ஜினின் ஜாதகம் தெரியும் என்பது மெத்தச் சரி. பழுப்பாக, காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் சுகம். கரி அப்பி ஈரமாக இருந்தால் உள்ளே போகிற பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் பில்டரில் தூள் அடைத்துக் காற்று போதவில்லை, அல்லது கலந்த எண்ணெய் கூடிப்போயிற்று. வெள்ளை வெளேரென்று இருந்தால்தான் கவலை. பெட்ரோல் போதாமல் காற்றே எரிகிறது என்று அர்த்தம். விட்டால் பிஸ்டனில் கோடு விழுந்துவிடும். எங்கள் பிளக் வெளுத்துத்தான் இருந்தது. நோய்க்கான சாட்சி கையில் கிடைத்தது. சித்தப்பா அதை வெயிலுக்குக் காட்டி, "பளிச்சுன்னு இருக்குடா, சுத்தமான பிளக்கு" என்று மெச்சினார். மெச்சியதோடு விடாமல், எமரியில் தேய்த்து இன்னும் பளிச்சென்று ஆக்கி, சாட்சியை அடியோடு அழித்தார்.

மாட்டி இழுத்தார். ஒரே இழுப்பு. பிடித்துக்கொண்டது.

"பார்த்தியா?"

பார்த்தேன். பத்து நிமிஷம் ஓடியது. அது நிற்பதற்குள் அவருக்குப் பஸ் வந்துவிட்டது. ஆகையால் இன்றைக்கும் அவர் கணக்கில் அது அவர் சரிபண்ணிக் கொடுத்த மெஷின். கல்யாண வீட்டில் பார்த்தால் அதை விசாரிக்காமல் விடமாட்டார்.

அடுத்தது எண்ணெய்க் கட்சி. இந்த இன்ஜினுக்கு எண்ணெயைத் தனியாக வைக்க இடம் கிடையாது. டூட்டி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றவேண்டும். ஐம்பதுக்கு ஒன்று என்றால் லிட்டருக்கு 20 மில்லி. இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் 40 மில்லி. எந்த மெஷினுக்கு எது என்பது அந்தந்த மெஷினின் புத்தகத்தில் போட்டிருக்கும். கைமாறி வந்த மெஷினோடு புத்தகம் வருவதில்லை. எனவே டீக்கடையில் இருபது கட்சி, நாற்பது கட்சி என்று ஊர் இரண்டாகப் பிரிந்தது. இருபது கட்சிக்காரர்கள் படித்தவர்கள். "எண்ணெய் கூடினா கரி கட்டி சைலன்சர் அடைக்கும்" என்றார்கள். உண்மை. நாற்பது கட்சிக்காரர்கள் அனுபவஸ்தர்கள். "எண்ணெய் குறைஞ்சா பிஸ்டன் புடிச்சுக்கும்" என்றார்கள். அதுவும் உண்மை. இருமல் டானிக் மூடியில் அளந்து ஊற்றுகிற நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. முப்பது மில்லி ஊற்றும் மூன்றாம் அணி ஒன்றும் கிளம்பியது. வழக்கம்போல் அதை யாரும் மதிக்கவில்லை.

அப்போது ஒரு வாத்தியார் பெட்ரோலையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். பங்கில் இப்போது போடுகிற பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால். எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கேனில் கலந்து வைத்து மாசக்கணக்கில் விட்டால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். உள்ளே இருக்கிற ரப்பர்களுக்கும் அது ஆகாது. வாத்தியார் சொன்னதில் ஓர் எழுத்துப் பிழை இல்லை. மூடியைத் திறந்து டேங்கைக் கவிழ்த்தோம். கேனை அலசினோம். புதுப் பெட்ரோல், புது எண்ணெய், புது அளவு. ஓடியது. வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பத்தாவது நிமிஷத்தில் அது நின்றபோது, "பழைய பெட்ரோல் லைனில் கொஞ்சம் தங்கியிருக்கும்" என்று சொல்லிவிட்டு டியூஷனுக்குக் கிளம்பினார்.

சிங்கப்பூர் மச்சான் லீவில் வந்தது அந்தச் சமயத்தில்தான். கப்பல் பட்டறையில் வேலை. ஒரு திருகைக் கழற்றினால் அதைக் கழற்றிய வரிசைப்படி துணியில் அடுக்கி வைக்கிற ஆள். ஊரில் அவரைத் தவிர அந்த வழக்கம் யாருக்கும் இல்லை. அவர் எதையும் தொடாமல் கதையை முழுக்கக் கேட்டார். "சூடானா நிக்குது, ஆறுனா ஓடுது. அப்படித்தானே மாப்ள? காயில்."

அதில் நியாயம் இருந்தது. காயிலுக்குள் மயிரிழைக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. எங்காவது ஓரிடம் விட்டுப்போயிருந்தால் சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்துவிடும், ஆறியதும் கூடிக்கொள்ளும். காயில் மேல் பழிபோட இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. மின்சாரமா பெட்ரோலா என்று தீர்த்துக்கொள்ள ஓர் எளிய வழியும் இருக்கத்தான் செய்கிறது. நின்ற அந்தக் கணமே பிளக்கைக் கழற்றவேண்டும். இன்ஜின் உடம்பில் அதைச் சாய்த்து வைத்துக் கயிற்றை இழுத்தால் நீலப் பொறி வருகிறதா? வந்தால் காயிலுக்கு விடுதலை. முனை ஈரமா, காய்ந்திருக்கிறதா? காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. இந்த இரண்டு கேள்வியில் பாதி ஊரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஆனால் நிற்கிற நேரம் பார்த்து வைத்தியர் யாரும் பக்கத்தில் இருப்பதில்லை. எல்லாரும் ஆறின பிறகுதான் வருகிறார்கள்.

பட்டறை ஒழுங்குப்படி மச்சான் முதலில் மூடியைத் திறந்து டேங்கைக் காலி பண்ணினார். புதுக் காயில் வந்தது. காயிலுக்கும் சுற்றுகிற ஃப்ளைவீலுக்கும் நடுவே சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி விடவேண்டும். ஒரு விசிட்டிங் கார்டைச் செருகித் திருகை முடுக்கிக் கார்டை உருவினால் கணக்குச் சரியாக இருக்கும். என்னிடம் ஏது விசிட்டிங் கார்டு? கைக்குக் கிடைத்தது ஒரு கல்யாணப் பத்திரிகை. எங்கள் ஊரில் இப்போது பத்திரிகை அடிப்பதில் ஒரு போட்டி நடக்கிறது. கனத்தை வைத்துத்தான் சம்பந்தத்தை மதிக்கிறார்கள். அந்தக் கனத்துக்கு விட்ட இடைவெளியில் பிளக்கில் பொறி வரவே இல்லை. மச்சான் இழுத்து இழுத்துத் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைசியில் மனை விற்கிறவர் ஒருவர் எப்போதோ திணித்துவிட்டுப் போன கார்டை அலமாரியில் தேடி எடுத்தோம். அந்த மனைகளால் வேறு யாருக்கும் பிரயோஜனம் உண்டானதாக எனக்குத் தெரியாது. மெஷின் ஓடியது. மச்சான் மறுநாள் திருச்சியில் பிளைட் ஏறினார்.

இவர்களுக்கு நடுவில் உருப்படியாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனவர் கூலிக்கு மரம் அறுக்கிற அண்ணன் ஒருவர். தன் மெஷினைத் தோளில் வைத்தபடியே வந்தார். எங்கள் மெஷினை ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து அந்தரத்தில் தொங்கவிட்டார். அது விழாமல் விட்டு விட்டு மெதுவாக இறங்கியது. "கம்ப்ரஷன் இருக்கு." ஒரு கட்டையில் வைத்து அறுத்தார். தரையில் விழுந்த தூளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மாவாக இருந்தது. "செயினு மழுங்கிப்போச்சு. செதிலு செதிலா விழணும். மாவு விழுந்தா அது அறுக்கல, தேய்க்குது. இன்ஜின் பாவம், தேய்ச்சே செத்துரும்."

தென்னை அப்படிப்பட்ட மரம். மற்ற மரத்துக்கு உள்ளே வைரம். இதற்கு வெளிச்சுற்று வைரம், நடுவில் சோறு. வெளிச்சுற்றில் நெருக்கி நிற்கிற நார்க்கற்றை செயின் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும். தரையில் கிடக்கிற மரம் என்றால் மணலும் சேர்ந்துகொள்ளும். அண்ணன் சட்டைப் பையிலிருந்து வட்ட அரத்தை எடுத்து, மெஷினைக் கால் நடுவே இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டே தீட்டு, எப்போதும் உள்ளிருந்து வெளியே, ஒரு பக்கத்துப் பல்லெல்லாம் முடித்துவிட்டு மறுபக்கம் என்று தீட்டிக்கொண்டே போனார். பேச்சே இல்லை. அரம் பல்லில் பட்டு வழுக்குகிற சீரான சத்தம் மட்டும். முடித்ததும் பெருவிரல் நகத்தின் மேல் ஒரு பல்லை வைத்துப் பார்த்தார். நகத்தைச் சீவிக்கொண்டு போயிற்று.

இந்தச் செயினுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் ஓரிகன் பக்கத்து மரவெட்டி ஜோசப் காக்ஸ், 1946-இல் ஓர் அடிக்கட்டையை வண்டுப்புழு ஒன்று குடைந்துகொண்டு போவதைக் குனிந்து கவனித்தார். மரத்தின் நார் நெடுக்கே ஓடினாலும் குறுக்கே ஓடினாலும் புழுவுக்குக் கவலையில்லை. வாயிலிருந்த கொடுக்கு இரண்டும் இடமும் வலமுமாகச் செதுக்கிக்கொண்டே போயின. அதைப் பார்த்து, ஒரு பல் இடப்பக்கம், அடுத்த பல் வலப்பக்கம் செதுக்குகிற செயினை உருவாக்கி 1947-இல் விற்க ஆரம்பித்தார். இன்றைக்கு ஓடுகிற செயின்கள் அநேகமாக அந்த வம்சம்தான். தோப்புக்காரனுக்கு இந்தக் கதை அவ்வளவாக ரசிக்காது. சிவப்புக் கூன்வண்டின் புழு இதே வேலையை எங்கள் தென்னைக்குள் கூலி வாங்காமல் செய்துகொண்டிருக்கிறது. குருத்து சாய்ந்த பிறகுதான் நமக்குத் தெரியவரும். ஒரு புழு கெடுத்த மரத்தை, இன்னொரு புழுவிடம் பாடம் கற்றுச் செய்த செயினால் அறுத்துத் தள்ளுகிறோம்.

செயின் தீட்டியதும் வேலை வெண்ணெயாக நடந்தது. அந்தப் பத்து நிமிஷத்துக்குள் முன்பு இரண்டு துண்டு போட்ட இடத்தில் நாலு துண்டு போட்டோம். அப்புறம் நின்றது.

கடைசியில் டவுனுக்கே கொண்டுபோனோம். அந்த மெக்கானிக் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் தொழில் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களாம். நேரே கார்பரேட்டரைக் கழற்றினார். டிவிஎஸ் 50 ஆட்கள் இந்தக் கார்பரேட்டரைத் திறந்தால் முதலில் மிதவையைத் தேடுவார்கள். இதில் மிதவை கிடையாது. மரம் அறுக்கிறபோது மெஷினைப் படுக்கவைக்கிறோம், சாய்க்கிறோம், சில சமயம் கவிழ்க்கிறோம். மிதவை வைத்தால் எதில் மிதக்கும்? அதற்குப் பதில் இரண்டு மெல்லிய சவ்வுகள். பிஸ்டன் ஏறி இறங்குகிறபோது கிராங்க் கேஸில் உண்டாகிற அழுத்தமும் உறிஞ்சலும் ஒரு சின்னத் துளை வழியாக வந்து ஒரு சவ்வைத் துடிக்கவைக்கும். அந்தத் துடிப்புத்தான் பெட்ரோல் பம்ப். இன்னொரு சவ்வின் நடுவில் ஓர் உலோகப் பொட்டு இருக்கிறது. அது ஒரு நெம்புகோலைத் தள்ளி, ஊசியைத் திறந்து, தேவைப்பட்ட பெட்ரோலை மட்டும் உள்ளே விடும். சவ்வு நைந்து விறைத்துப்போனால் ஆக்சிலேட்டர் கொடுத்ததும் இன்ஜின் திக்கும். எங்களுடையது திக்கவில்லை. இருந்தாலும் கிட் மாற்றினார்.

பிறகு திருகு. பக்கவாட்டில் மூன்று திருகுகள் உண்டு. எல் என்பது மெதுவாக ஓடும்போது போகிற பெட்ரோலுக்கு, எச் என்பது வேகத்துக்கு, மூன்றாவது ஐடிலிங்குக்கு. உலகத்தில் ஸ்குரு டிரைவர் வைத்திருக்கிற எந்த மனிதனாலும் இந்த மூன்றையும் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. இவர் எச்சை உள்ளே முறுக்கினார். மெஷின் அலறியது. "பவர் பார்த்தீங்களா சார்?" அதுதான் இதில் இருக்கிற விஷமம். பெட்ரோலைக் குறைக்கக் குறைக்க இந்த இன்ஜின் இன்னும் உற்சாகமாகக் கத்தும். சாதாரணமாகவே இந்த அளவு மெஷின்கள் நிமிஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றைத் தொடக்கூடியவை. எண்ணெயும் பெட்ரோலோடு கலந்துதானே வருகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். இந்த இன்ஜின் சாகப்போகிற நேரத்தில்தான் அதிகச் சந்தோஷமாக இருப்பதாகக் காதுக்குப் படும். நான் எச்சைப் பழைய இடத்துக்கே திருப்பச் சொன்னேன். அவருக்கு என்மேல் வருத்தம். பில்லில் அது தெரிந்தது.

வாசலில் வைத்து ஓட்டிக் காட்டினார். அதற்குமுன் மூடியைத் திறந்து அவர் கடைப் பெட்ரோலை ஊற்றினார். அருமையாக ஓடியது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நாங்கள் பத்து நிமிஷம் காத்திருக்கவில்லை.

இப்படியே இருந்திருந்தால் இந்த மெஷின் இன்னும் பல காபி வாங்கித் தந்திருக்கும். கெட்ட காலம், டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் தொலைந்தது. இத்தனை பேர் திறந்து திறந்து மூடியதில் அது இளைத்துப்போய் எங்கேயோ மணலில் விழுந்துவிட்டது. வாஷர் இல்லாமல் மூடியை முடுக்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்தோம். சாய்த்தால் பெட்ரோல் கசிந்து கால்சட்டையை நனைத்தது. சுடுகிற சைலன்சர் பக்கத்திலேயே இருக்கிறபோது அது விளையாட்டில்லை. யாரும் அப்படிச் செய்யக்கூடாது. ஆனால் மெஷின் நிற்கவில்லை. பத்து நிமிஷம் தாண்டியது. இருபது தாண்டியது. தம்பி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். டேங்க் வறண்டுதான் நின்றது. திரும்ப ஊற்றினோம், திரும்ப வறளும்வரை ஓடியது.

சேதி பரவியது. சித்தப்பா போனில், "எமரி வேலை காட்ட நாளாகும்டா" என்றார். சிங்கப்பூரிலிருந்து மச்சான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பினார். வாத்தியார் பழைய பெட்ரோல் ஒருவழியாகத் தீர்ந்துவிட்டது என்றார். இருபது கட்சியும் நாற்பது கட்சியும் தனித்தனியே வெற்றி கொண்டாடின.

டவுனுக்குப் போனபோது மறக்காமல் புது வாஷர் வாங்கிவந்து மாட்டினேன். பத்தாவது நிமிஷம் நின்றது.

தம்பி தொண்டையைச் செருமினான். "வாஷர் வாங்காம இருந்திருக்கலாம்ணே."

அவன் ஒரு வேலை செய்தான். மெஷின் நின்ற இடத்திலேயே மூடியை அரைச் சுற்று தளர்த்தினான். புஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம். முடுக்கினான். கயிற்றை இழுத்தான். பிடித்துக்கொண்டது. ஆற வைக்கவில்லை, டீ குடிக்கவில்லை, எமரி இல்லை.

எண்ணெய் டின்னில் ஒரே ஓர் ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் விக்கி விக்கி வந்து நின்றுவிடும். எதிர் மூலையில் இன்னோர் ஓட்டை போட்டால்தான் ஒழுங்காக விழும். டேங்குக்கும் அந்த இரண்டாவது ஓட்டை உண்டு. பிரீதர் என்பார்கள். எங்கள் மெஷினில் அது கார்பரேட்டருக்குப் பக்கத்தில், டேங்கின் முதுகில், சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத ஒரு குமிழ். வெளிக்காற்றை உள்ளே விடும், பெட்ரோலை வெளியே விடாது. தென்னந்தூளும் எண்ணெயும் குழைந்து அதை அடைத்திருந்தது. உள்ளே பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்தை நிரப்பக் காற்று வராமல் டேங்க் எதிர்ப்பக்கம் இழுக்கும். பம்ப் தோற்கும். பெட்ரோல் மெலிந்து, இன்ஜின் ஒரு கணம் உயரக் கத்தி நின்றுபோகும். டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் கொஞ்சம்தான். அதனால் சீக்கிரமே இறுகிவிடும். அரை டேங்கில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். டீ குடிக்கிற நேரத்தில் எந்தச் சந்திலாவது காற்று துளித் துளியாக உள்ளே போய்ச் சேர்ந்துவிடும்.

செயின் தீட்டிய அண்ணனைத் தவிர, வைத்தியம் பார்த்த ஒவ்வொருவரும் ஓட்டிப் பார்ப்பதற்குமுன் மூடியைத் திறந்திருக்கிறார்கள். மோந்து பார்க்க ஒருவர், கவிழ்க்க ஒருவர், காலி பண்ண ஒருவர், பெட்ரோல் ஊற்ற ஒருவர். திறந்த மாத்திரத்தில் நோய் தீர்ந்துவிட்டது. அதற்கப்புறம் அவரவர் செய்த வைத்தியம் பலித்ததாக அவரவர் நம்பியதில் என்ன தப்பு? அந்த புஸ் சத்தத்தைக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் மூடியைத் திறக்கும்போதே எல்லாரும் பேச ஆரம்பித்துவிடுகிறார்களே.

புதுப் பிரீதர் நூறு ரூபாய்க்குள் கிடைத்தது. மெஷின் ஓடுகிறது. உண்மைக் காரணத்தைச் சித்தப்பாவுக்கு விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதைத்தானடா நான் மொத நாளே வந்து தொறந்து பார்த்தேன்" என்றார்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. இப்போது எங்கள் ஊரில் எந்த இன்ஜின் நின்றாலும் முதலில் மூடியைத் திறக்கிறார்கள். உழவு டிராக்டருக்குத் திறந்தார்கள். மருந்தடிக்கிற ஸ்பிரேயருக்குத் திறந்தார்கள். அது நிஜமாகவே ஓடித்தொலைத்ததில் என் பெயர் அக்கம்பக்கத்து ஊருக்கெல்லாம் பரவிவிட்டது. போன வாரம் முன்பின் தெரியாத ஒருவர் பைக்கில் வந்து இறங்கி, செருப்பை வாசலில் விட்டுவிட்டு உட்கார்ந்தார். காபி வந்தது. குடித்து முடித்துவிட்டு, போர் மோட்டார் தண்ணீர் இறைக்கமாட்டேன் என்கிறது, சப்மெர்சிபிள், முந்நூறு அடி ஆழத்தில் கிடக்கிறது, அதற்கு மூடி எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டார்.

சித்தப்பாவின் போன் நம்பரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.